சவுண்டைக் குறைத்துப் பார்த்த படங்கள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் வந்துவிட்டது. வருஷத்தை மாற்றிச் சொல்லியிருப்பேன், முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்திருப்பேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் வெட்கத்தில் தலை குனிந்துவிடுகிறவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் நடிகை. இதை எழுதவே கை கூசுகிறது. கதாநாயகி எல்லாம் இல்லை. முதலில் நாடகக் கம்பெனியில் இருந்தேன், பிறகு சினிமாவில். அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, குழாயடியில் சண்டை போடுகிறவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறவள். கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், “எங்கியோ பாத்துக்கீறனே, ரேஷன் கடையாண்டயா?” என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவேன்.

எத்தனையோ படத்தில் என் முகம் இருக்கிறது. ஒரு படத்திலும் என் குரல் இல்லை. சாகிறதற்குள் ஒரே ஒரு படத்திலாவது என் பேச்சு என் குரலிலேயே வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு பெரிய ஆசை ஒன்றும் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தவக்காலத்தில் கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசு சிலுவை சுமந்து போகும்போது அழுகிற பெண்களில் ஒருத்தியாக என்னையும் நிறுத்தினார்கள். நான் அழுதது மைதானத்தின் கோடி வரைக்கும் கேட்டதாம். பார்க்க வந்திருந்த நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் அப்பாவிடம் பேசி என்னை மெட்ராசுக்கு அழைத்துப்போனார். கம்பெனியில் எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இருந்தது. அதனால் அப்பா சம்மதித்தார்.

பதினேழு வயதில், என் அப்பா வயதுக் கதாநாயகனுக்கு நான் அம்மா. தலையில் முத்துவெள்ளையைப் பூசி நரைக்க வைப்பார்கள். மேடை நடுவில் ஒரே ஒரு மைக் தொங்கும். கதாநாயகன் அதற்கு அடியிலேயே நின்றுகொள்வார், ஒரு அடி நகரமாட்டார். நாங்கள் எல்லாம் ஓரத்தில் நின்று தொண்டையை நம்பித்தான் பேச வேண்டும். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க வாய் வராது எனக்கு. ஆனால் மேடையில் “மகனே!” என்று கூப்பிட்டால் கொட்டகைக்கு வெளியே கடலை வறுக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். மேடையில் நிற்பது நான் இல்லை, அந்த அம்மா. அந்த அம்மாவுக்கு என்ன வெட்கம்?

எங்கள் நாடக வாத்தியார் தட்டி மறைவிலிருந்து யாருக்கும் வசனம் எடுத்துக் கொடுக்க விடமாட்டார். எல்லாம் மனப்பாடம். எனக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் மற்றவர்கள் சொல்லச் சொல்லக் காதால் கேட்டுப் பாடம் பண்ணுவேன். எதிரில் இருப்பவர் துண்டை உதறித் தோளில் போட்டால் அடுத்தது என் பேச்சு. கதவுத் தட்டி சாத்தினால் நான் அழ வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் வைத்திருப்பேன்.

நாடகம் குறைந்து சினிமாவுக்கு வந்தேன். முதல் படத்தின் டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மொகம் அம்மா மொகம். கொரல்தான் போலீஸ்காரன் கொரல்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். டப்பிங் தியேட்டரில் வேறு ஒரு அம்மாள் எனக்காகப் பேசினார். நல்ல குரல் அது, பாயசம் மாதிரி. படம் ஓடியது. அப்புறம் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் அந்தக் குரலையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

அந்த அம்மாளை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கதானே என் மூஞ்சி?” என்றார்.

“ஆமாங்க. நீங்கதான் என் கொரலுங்களா?”

“அழும்போது ஏம்மா அவ்ளோ மூக்க உறிஞ்சறீங்க? உங்க கூடவே உறிஞ்சி உறிஞ்சி எனக்கு மூச்சு பத்தல. கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா?”

பயந்துபோய், சரிங்க என்றேன். அடுத்த படத்திலிருந்து குறைத்துக்கொண்டேன். நல்ல மனுஷி அவர். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. சாதம் போதும் என்று இலையைக் கையால் மறைத்தவர், எனக்கு வடை வரவில்லை என்று பார்த்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அதற்கும் அவர்தான் எனக்காகப் பேச வேண்டியிருந்தது.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிராம்ப்டிங் என்பார்கள். கேமரா ஓடும்போதே உதவி டைரக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வார். அதைக் கேட்டு நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சத்தமும் நம் சத்தமும் படத்தில் வராது, பிறகு டப்பிங்கில் பேசிக்கொள்வார்கள். என்னைப் போலப் படிக்கத் திணறுகிறவளுக்கு இது பெரிய சௌகரியம். வீட்டில் பாடம் பண்ண வேண்டாம். போய் நிற்க வேண்டியது, அவர் சொன்னதைச் சொல்ல வேண்டியது. வருஷக்கணக்காக இப்படியே பழகிவிட்டது. பக்கத்தில் ஒரு ஆண் குரல் கேட்டால்தான் என் வாய் திறக்கும் என்று ஆகிவிட்டது. அது எனக்கே தெரியாமல் நடந்தது.

2006 என்று நினைக்கிறேன், முழங்கால் போனது. கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோடம்பாக்கத்து ரூமைக் காலி செய்துவிட்டு ஊரில் இருக்கிற தங்கை வீட்டுக்கே வந்துவிட்டேன்.

ஊர் அடியோடு மாறியிருந்தது. வேர்க்கடலை போட்ட நிலத்தில் எல்லாம் கம்பெனி. ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் சுவரில் மாட்டிய மாதா படம் ஆடும். கணவர் இறந்த பிறகு தங்கை, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். எல்லாக் கதவுக்கும் நீலப் பெயிண்ட், மொத்தமாக வாங்கியதில் மலிவாம். பெண்கள் தெற்குச் சீமையிலிருந்து வந்தவர்கள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஷிப்டுக்குப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். தங்கையை அம்மா என்றதால் நான் பெரியம்மா ஆனேன்.

அவர்களில் ஒருத்தி தென்காசிப் பக்கம். செல்போன் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. வாய் ஓயாது. நான் சினிமாவில் நடித்தவள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது என் பழைய படம் ஒன்று வந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

“பெரியம்மா! ஏ பெரியம்மா! இங்கன வாங்க! இது நீங்கதான?” என்று தென்காசிக்காரி கத்தினாள்.

“யாரோ என்னாட்டம் இருக்கறா கண்ணு.”

“பொய் சொல்லாதீய. அந்த மச்சம் கூட இருக்கு. ஆனா கொரலு உங்களுது இல்லல்லா? நீங்க வாயத் தொறந்தா லாரி ஹாரன் மாரில்லா இருக்கும்!”

இவ்வளவு நாளில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவள்தான் என்று நினைத்தேன். தங்கை கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“எனக்கு அப்பவே தெரியும். அக்கா படம்னா நான் சவுண்டக் கொறச்சு வெச்சிக்கினுதான் பாப்பேன். அந்தம்மா கொரலு வந்தா எங்கக்கா மாரியே இருக்காது. கொறச்சிட்டா, நீ பேசறது நானே போட்டுக்குவேன்.”

கூடப் பிறந்தவள், இத்தனை வருஷமாக இதை என்னிடம் சொன்னதே இல்லை. புளியைக் கரைக்கப் போய்விட்டேன்.

2013-இல் என்று ஞாபகம், ஒரு உதவி டைரக்டர் பைக்கில் வந்தார். கம்பெனிப் பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள், வரிசை ரூம் உள்ள வீடு வேண்டுமாம். நீலக் கதவுகளைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். தண்ணீர் கொடுக்கப் போன என்னைப் பார்த்துவிட்டுச் செம்பை வாங்காமலேயே நின்றார்.

“அம்மா, நீங்க… சின்ன வயசுல உங்களப் பாத்து நான் அழுதிருக்கேம்மா. இங்கயா இருக்கீங்க?”

மறுநாள் டைரக்டரையே அழைத்து வந்தார். அவரும் சின்ன வயசுப் பிள்ளைதான். கதையில் ரூம் வாடகைக்கு விடுகிற கிழவி ஒருத்தி வருகிறாள், ஒரே காட்சி, நடிப்பீர்களா என்று கேட்டார். நான் தங்கையைப் பார்த்தேன். டைரக்டர் சொன்னார்.

“லைவ் சவுண்டும்மா. டப்பிங் கெடையாது. நீங்க இங்க என்ன பேசறீங்களோ, அதுதான் படத்துல வரும். உங்க ஊர் பேச்சே பேசுங்க.”

“என் கொரலா?”

“ஆமாம்மா, உங்க கொரல்தான்.”

“கட்டைக் கொரலுங்க…”

“அதுதாம்மா வேணும்.”

தங்கைதான் சொன்னாள்: “அக்கா நடிக்கும். நீங்க போயி கேமராவ எடுத்தாங்க.”

காட்சி இதுதான். கம்பெனி மூடி வேலை போன பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்புகிறாள். ரூம் சாவியைக் கிழவி கையில் கொடுக்கிறாள். கிழவி சொல்ல வேண்டும்: “சாவிய என்னாண்ட ஏன் குடுக்கற? வூடு எங்கியும் போவாது. எப்ப வந்தாலும் நீயே தொறந்துக்கோ.” அவ்வளவுதான். நம் ஊர்ப் பேச்சு. தென்காசிக்காரி படித்துக் காட்டினாள், ஒரு தடவையிலேயே மனசில் பதிந்துவிட்டது.

படப்பிடிப்பு அன்றைக்கு நல்ல புடவை கட்டி நின்றேன், அதை மாற்றச் சொல்லி, வீட்டில் கட்டுகிற புடவையையே கட்டச் சொன்னார்கள். டைரக்டர் “ஆக்‌ஷன்” என்றார். நடிக்க வந்த பெண் சாவியைக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். நின்றேன்.

எல்லோரும் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. உதவி டைரக்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறார், நான் அவர் வாயைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். அவர் வரியைச் சொன்னால் நான் சொல்லிவிடுவேன். அவர் சொல்லவே இல்லை.

“கட்” என்றார் டைரக்டர். “அம்மா, டயலாக்?”

“தம்பி எடுத்துக் குடுக்கலியே.”

சிலர் சிரித்தார்கள். டைரக்டர் பொறுமையாகச் சொன்னார், லைவ் சவுண்டில் யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது, அவர் பேசினால் அதுவும் பதிவாகிவிடும் என்று. புரிகிறது. எனக்கு வசனம் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மறுபடி எடுத்தபோதும் அந்த அமைதியில் என் காது அவர் குரலுக்காகத்தான் காத்திருந்தது. வாய் பூட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. பின்னாலிருந்து யாரோ, “டயலாக் தெரியாமயே வந்துட்டாங்க போல” என்றது கேட்டது.

டைரக்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பரவால்லம்மா, கஷ்டப்படாதீங்க. இந்த ஒரு ஷாட் மட்டும் பிராம்ப்ட் பண்ணிடலாம். அப்புறம் யாரையாவது வெச்சு டப் பண்ணிக்கறோம்.”

எவ்வளவு மரியாதையான பையன். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் சரி என்று தலையாட்ட வேண்டியதுதான், எப்போதும் செய்வது அதுதான். தலை ஆடவில்லை.

“தம்பி, நாளைக்கு எடுக்கலாமா?” என்றேன். நானா கேட்டேன் என்று இருந்தது. “கொரலு மட்டும் வேற யாரும் வேணாம்ப்பா.”

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. “லைட்டும் போயிடுச்சு. நாளைக்குக் காலைல மொத ஷாட் உங்களுதும்மா” என்றார்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து பெண்கள் வந்தார்கள். தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தென்காசிக்காரி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, “நாம எடுப்போம் பெரியம்மா சூட்டிங்” என்றாள். கூட இருந்தவள் இரண்டு தட்டைச் சேர்த்து கிளாப் அடித்தாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சாவி கைக்கு வந்தது. நான் நின்றேன். அவர்கள் அமைதியாக இருக்க இருக்க, எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதட்டீ!” என்று அவளை ஒரு அடி வைத்துவிட்டுத் தென்காசிக்காரி யோசித்தாள். “எங்க லைன்ல செல்போன் போர்டு வரும்லா பெரியம்மா, அது வந்த ஒடனே கை தானா போவும். சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது மாரி உங்களுக்கு என்ன வருது?”

“ஒண்ணும் வரல கண்ணு.”

“சாவி வருதுல்லா!”

அப்போதுதான் எனக்குத் துண்டை உதறித் தோளில் போட்ட கதாநாயகன் ஞாபகம் வந்தார். வாத்தியார் ஞாபகம் வந்தார். இது எனக்குப் புதிது இல்லையே. கண்ணை மூடிக்கொண்டேன். சாவி உள்ளங்கையில் ஜில்லென்று பட்டது, பட்டதும் பேசிவிட்டேன். தங்கை கைதட்டினாள். அப்புறம் ஆளாளுக்கு ஒவ்வொரு சாவியாகக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள், நான் ஒவ்வொருத்தியையும் வீடு எங்கேயும் போகாது என்று வழியனுப்பினேன். டூவீலர் சாவி, பீரோ சாவி எல்லாம் வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்துவிட்டது.

மறுநாள் காலையில் சாவி கையில் பட்டது. நான் பேசினேன். பேசி முடித்ததும் சவுண்டு எடுக்கிற பையன் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

“அம்மா, மைக் உங்க தலைக்கு மேலயே இருக்கும்மா. ஒரகடம் வரைக்கும் கேக்கணுமா?”

நாடகக் குரல் வந்துவிட்டிருந்தது. அடுத்த தடவை தணிவாகப் பேசினேன். நன்றாக வந்தது, ஆனால் நடுவில் குக்கர் விசில் அடித்தது. டைரக்டர் தலையில் கைவைத்தார். தங்கை ஓடிவந்து, “சூட்டிங்குன்னா சோறு கூடவா ஆக்கக் கூடாது?” என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். அதற்கு அடுத்த தடவை லாரியும் வரவில்லை, குக்கரும் வரவில்லை. டைரக்டர் ‘ஓகே’ என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார்.

சவுண்டுப் பையன் ஹெட்போனை என்னிடம் நீட்டி, “கேக்கறீங்களாம்மா?” என்றார். சுற்றிலும் அத்தனை பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “வேணாம்ப்பா, படத்துலயே கேட்டுக்கறேன்” என்று உள்ளே போய்விட்டேன். வாங்கிக் காதில் வைத்திருக்கலாம். இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்த வருஷம் நிஜமாகவே தென்காசிக்காரியின் கம்பெனியில் எல்லோருக்கும் வேலை போயிற்று. ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். தென்காசிக்காரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சாவியை என் கையில் வைத்தாள். நான் ஒன்றுமே நினைக்கவில்லை, என் வாய் தானாகச் சொல்லிற்று: “சாவிய என்னாண்ட ஏன் குடுக்கற? வூடு எங்கியும் போவாது.” இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் அழ ஆரம்பித்தாள். நான் மூக்கை உறிஞ்சினேன், ஒரு தடவையோடு நிறுத்த முடியவில்லை.

படத்துக்குப் பணமில்லாமல் நின்றுவிட்டது என்றார்கள். பேர் மாற்றினார்கள் என்றார்கள். கடைசியில் 2015-இல், அந்தப் பெரிய மழைக்காலத்தில் வெளியானது. காஞ்சிபுரத்தில் ஓடுவதாகக் கேள்விப்பட்டுத் தங்கை ஆட்டோ பேசினாள். கிளம்புகிற அன்று ரோடு எது, ஏரி எது என்று தெரியவில்லை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்தார்கள், பிறகு யாருக்குமே படம் ஞாபகமில்லை. தண்ணீர் வடிந்தபோது படம் எந்தத் தியேட்டரிலும் இல்லை.

தென்காசிக்காரி அவள் ஊரில் பார்த்துவிட்டாளாம். போன் செய்தாள்.

“பெரியம்மா, நீங்க வந்தீய! நம்ம நீலக் கதவு வந்துச்சு! நான் விசில் அடிச்சிட்டேன்லா!”

“கொரலு?” என்று கேட்டேன். “கொரலு என்னுதா கண்ணு?”

“தகரக் கொட்டாய் பெரியம்மா, மழ வேற. நீங்க பேசும்போது நானே கத்திக்கிட்டுல்லா இருந்தேன். உங்க கொரலு மாரிதான் இருந்துச்சு” என்றாள்.

மாதிரிதான் என்கிறாள். அவள் பொய் சொல்லமாட்டாள், அதனால்தான் அப்படிச் சொன்னாள். படம் முடிகிற நேரத்தில் கை மாறியதாகக் கேள்வி. வாங்கியவர்கள் கட்டைக் குரல் வேண்டாம் என்று வேறு யாரையாவது பேச வைத்திருக்கலாம். வைக்காமலும் இருந்திருக்கலாம். டிவியில் அந்தப் படத்தைப் போடவே இல்லை. தங்கை ரிமோட்டும் கையுமாகத் தேடிக்கொண்டேதான் இருக்கிறாள்.

யாருடைய பேரையும் நான் எழுதவில்லை, யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்றுதான். வருஷமோ ஊரோ தப்பாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் பெரிய உபகாரம். வரிசை ரூம், நீலக் கதவு, ஒரு பெண் சாவி கொடுக்கிறாள், வீட்டுப் புடவையில் ஒரு கிழவி வாங்கிக்கொள்கிறாள். அந்தக் கிழவியின் குரல் லாரி ஹாரன் மாதிரி கட்டையாக இருக்கிறதா, பாயசம் மாதிரி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள். கேட்கும்போது மட்டும் சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.